நம் மண்ணில் இடமில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. புதிதாக வந்த மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கினேன். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் ஒரு லாரி ஓட்டுநருக்கும் கண் சோதித்தேன். தன் பார்வையில் ஒரு குறையும் இல்லை, இப்போதெல்லாம் எழுத்தைத்தான் சின்னதாக அச்சடிக்கிறார்கள் என்று ஓட்டுநர் வாதாடினார். லென்ஸைப் போட்டுக் காட்டியதும் சட்டம் தேர்ந்தெடுக்க எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மகள் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரப்பி வைத்திருக்கிறாள். சபைக்குக் கொடுக்கப் போகிற மனு. தன் அப்பாவைப் பொது இடுகாட்டிலிருந்து எடுத்துவந்து சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டுமாம். சபையின் நூலில் வெளியாளைப் பற்றி உள்ள அந்த வரியை அந்தக் காலத்து வரியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கூடப் படித்த பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"அம்மா, அந்தக் காலத்துல வெளியாளுன்னா படையோட வந்தவன். அப்பா ஸ்க்ரூ டிரைவரோடதான வந்தாரு?" என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவள் நியாயம் கேட்கிறாள். எனக்கு நியாயம் வேண்டாம். அண்ணன் தலை குனிய வேண்டும். நாலு பேர் பார்க்கக் குனிய வேண்டும். இதை அவளிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மனுவில் 'கடந்த ஜூலையில் நடந்த வருந்தத்தக்க சம்பவம்' என்று எழுதியிருக்கிறாள். சம்பவமாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

தோட்டத்தில் குழி வெட்டியாகிவிட்டது. அவருடைய நண்பர்கள் மழையில் நனைந்துகொண்டே வெட்டினார்கள். உடலை வாசலில் இறக்கி வைத்திருந்தோம். அண்ணன் வந்தார். சபையின் வாசகர் அவர்தான். அப்பாவுக்குப் பிறகு அந்த இடம் அவருக்கு வந்தது. குடையை ஒருவர் பிடிக்க, நூலைத் திறந்து, "வெளியிலிருந்து வந்தவனுக்கு நம் மண்ணில் இடமில்லை" என்று வாசித்தார். நூலை மூடினார். குழியையும் மூடச் சொன்னார். வெட்டியவர்களே மூடினார்கள்.

சபைக் கூடத்துக்கு மின்சாரம் இழுத்தவர் என் புருஷன். அண்ணன் நின்று வாசிக்கிற மேடைக்கு மேலே எரிகிறதே, அந்த விளக்கு அவர் மாட்டியது. முறைப்படி சபையில் சேர்ந்து, வாசிப்பு நாள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்த மனுஷன். பஸ் பணிமனைக்குப் பின்னால், டீசல் நாற்றத்தில் கிடக்கிறார்.

அன்றைக்கு நான் அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நான் என்ன பண்றது? நூல்ல அப்படித்தான் இருக்கு. நான் எழுதினதா?" என்றார்.

அப்பாவும் இதே வரியை வாசித்தவர்தான். அது வரும்போது குரலைத் தாழ்த்தி, விறுவிறுவென்று கடந்துவிடுவார். எனக்கு இவரைக் கட்டிவைத்ததும் அதே அப்பாதான். அண்ணன் அப்படியல்ல. சுவரில் ஆணி அடிப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி வாசிப்பார்.

பிப்ரவரி 6

மேடை விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசித்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனாலும் எந்த ஏணி வேண்டும் என்பதுவரை யோசித்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அண்ணன் கடைக்கு வந்தார்.

ஜூலைக்குப் பிறகு முகம் பார்க்கவில்லை. மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். ஒரு அம்மாளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கதவோரம் வந்து உட்கார்ந்த ஆள் அவர்தான் என்று குரல் கேட்டபோதுதான் தெரிந்தது. "கண்ணாடி பத்தல. வேற மாத்தணும்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரே எழுத்துப் பலகை. மேலிருந்து கீழே வரை மளமளவென்று சொல்லிவிட்டார். கடைசி வரிவரைக்கும். அந்த வயதில் யாரும் கடைசி வரியைப் படிப்பதில்லை. எனக்குச் சந்தேகம். சும்மா இருந்தபடியே பொத்தானை அழுத்தி வேறு பலகையை மாற்றினேன். மறுபடி படிக்கச் சொன்னேன். பழைய பலகையையே ஒப்பித்தார்.

முன்னால் வந்த அம்மாள் லென்ஸ் போட்டுக் கடைசி வரிவரை படித்ததைக் கேட்டே மனப்பாடம் பண்ணிவிட்டிருக்கிறார். ஒரே தரம் கேட்டு.

கட்டம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தேன். நடுவில் என்ன தெரிகிறது என்றேன். வெகுநேரம் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமில்ல. ஒரு கறை மாதிரி" என்றார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிருக்கிறது, இரண்டு கண்ணிலும். ஓரப்பார்வை நன்றாக இருக்கிறது. அதனால்தான் நடக்கிறார், படி ஏறுகிறார், ஆளுக்கு ஆள் வணக்கம் சொல்கிறார். முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு பேசுவதைப் பணிவு என்று சபையில் சிலாகிக்கிறார்கள். பணிவாவது ஒன்றாவது. ஓரக்கண்ணால்தான் ஆளே தெரியும்.

எந்தக் கண்ணாடியும் உதவாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அப்புறம் கேட்டேன், இத்தனை நாளாக எப்படி வாசிக்கிறீர்கள் என்று.

"எல்லாம் மனசுல இருக்கு" என்றார். எழுந்து போகும்போது, "இங்க பேசினது இங்கயே இருக்கட்டும். நீதான் அங்க வர்றதில்லையே, அதான் உங்கிட்ட வந்தேன்" என்றார்.

என்ன தைரியம்! என் புருஷனுக்கு மண் கொடுக்காத மனுஷன், தன் ரகசியத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போகிறார்.

பிப்ரவரி 11, புதன்

நேற்றிலிருந்து ஒரே நினைப்பு. வேலையில் இரண்டு பேருக்கு வலது இடது மாற்றி எழுதிவிட்டேன்.

நூலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, சபையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வாசகன் பார்த்தே வாசிக்க வேண்டும். மனத்திலிருந்து சொல்பவன் வாசகன் அல்லன். மனம் திரித்துவிடும், பக்கம் திரிக்காது. இதற்காகவே திறப்பு நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை, சபையில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறி நூலைத் திறக்கலாம். எந்தப் பக்கம் விரிகிறதோ அதை வாசகர் வாசிக்க வேண்டும்.

எனக்கு விவரம் தெரிந்து அது வெறும் சடங்குதான். யாராவது பெரியவர் ஏறி, நாடா வைத்த பக்கத்தைத் திறந்து, இன்ன பகுதி என்று வாயால் சொல்லிவிட்டு இறங்குவார். அண்ணனுக்கு அது போதும். பகுதி பெயர் காதில் விழுந்தால் மிச்சம் தானாக வரும்.

நான் ஏறினால்? திறந்துவிட்டு, வாயைத் திறக்காமல் நின்றால்?

மார்ச் ஒன்று, ஞாயிறு. திறப்பு நாள்.

பிப்ரவரி 14, சனி

சோதனை அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. என் தொழிலில் அது பாலபாடம். நான் சொல்லப் போவதில்லையே! திறக்கப் போகிறேன், அவ்வளவுதான். சபையில் பிறந்தவளுக்கு உள்ள உரிமை.

இப்படியே என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன் என்று தெரிகிறது. தெரிந்தால் என்ன? வயிறு எரிகிறது, எரிகிறதே!

மகள் மனுவோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். காப்பி கொடுத்தாராம், மனு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். (தானாக வாசிக்க முடியாதே, கேட்கத்தானே வேண்டும். இதை அவளிடம் சொல்லவில்லை.) பிறகு சொன்னாராம்: "இந்த ஒரு வரி காலத்துக்கு ஒத்துவரலன்னு நீ தள்ளற. நாளைக்கு ஒருத்தனுக்குப் 'பசிச்சவனுக்குப் போடு'ங்கற வரி ஒத்துவராது. அவனை எப்படித் தடுப்பே?"

இவள் மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ராத்திரி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு, வரிக்கு வரி வித்தியாசம் பார்க்கத்தானே மனுஷனுக்கு அறிவு இருக்கிறது என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள். திறப்பு நாளன்று வாசிப்பு முடிந்ததும் மனுவை எடுத்துக்கொள்ளலாம் என்று சபைத் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறாராம். துணிக்கடைக்காரர். எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அரை மீட்டர்.

அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். மனுவுக்காக வருகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி

அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்களாம். கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடி இருந்தால் கொடு என்றார். இருப்பதிலேயே பெரியதைக் கொடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஓரத்திலிருந்து எழுத்தைப் பிடிக்கப் பார்த்தார். ஒரு சொல்லுக்கே அத்தனை பாடு. கழுத்தில் நரம்பு புடைத்துக்கொண்டது. அண்ணி போன பிறகு சட்டைக்குப் பொத்தான் தைக்கக்கூட ஆளில்லை போலிருக்கிறது.

ஒரு நிமிஷம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உடனே குழியை நினைத்துக்கொண்டேன். மண் விழுந்த சத்தத்தை நினைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

பிப்ரவரி 28

நாளைக்கு.

மார்ச் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. யார் திறக்கிறார்கள் என்று அரை மீட்டர் வழக்கம்போல் கேட்டார், கேட்டுக்கொண்டே தானே எழுந்தார். அவர் நிமிர்வதற்குள் நான் மேடையில் இருந்தேன்.

அண்ணனுக்கு என் முகம் தெரிந்திருக்காது. ஆனால் நடையில் தெரிந்துகொண்டார் போல. உதடு இறுகியது. நான் நாடாவைத் தொடவில்லை. நடுவைத் தாண்டி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தேன். ஒதுங்கி நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். கூடமும் காத்திருந்தது. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு கட்டைவிரலையும் நூலின் இரண்டு பக்க விளிம்பிலும் வைத்தார். இந்தப் பக்கம் எவ்வளவு கனம், அந்தப் பக்கம் எவ்வளவு கனம் என்று தடவிப் பார்த்தார். மடித்து வைக்கப்பட்ட துணியைத் தடவுவதுபோல. பார்க்கிறவர்களுக்கு ஏதோ வணக்கம் செய்வதாகத் தோன்றியிருக்கும். பிறகு விரலை முதல் வரியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார்.

நிலத்தைப் பகிர்வது பற்றிய பகுதி. பிசிறில்லாத குரல். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அரை மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். விரல் வரிவரியாக இறங்கியது, ஒரு சொல் தவறவில்லை. நான் மட்டும்தான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்திருந்தது கிணறு வெட்டுவது பற்றிய பகுதி. ஒரே ஒரு தாள் தள்ளி.

ஒரு தாள்! கை விரலால் தடவி, அத்தனை பெரிய நூலில், ஒரே ஒரு தாள்தான் தவறினார். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பேசாமல் இறங்கிவிட்டிருக்கலாம்.

"அண்ணா, நான் திறந்தது அந்தப் பக்கம் இல்ல."

என் குரல்தான். கூடத்துக் கடைசிவரை கேட்டது.

அவர் நிறுத்தினார். விரல் வரியிலேயே இருந்தது. அரை மீட்டர் ஓடிவந்து நூலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. "என்ன, கண்ணாடி மறந்துட்டீங்களா?" என்றார். அண்ணன் இல்லை என்றார். கண் போய் வெகுநாளாகிறது, மனத்திலிருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைக்கு வந்தது, சோதித்தது, எதையும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பார்த்தே வாசிக்க வேண்டும் என்பது அச்சு இல்லாத காலத்தில் வந்த வரியாம். அப்போது ஆளுக்கொரு விதமாகப் பிரதி இருந்ததாம், இப்போது பயமில்லையாம். அதன் உள்ளர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அண்ணன் அவர் பாட்டுக்கு மனத்திலிருந்து சொல்லட்டுமாம். பத்து நிமிஷத்தில் பூசி மெழுகிவிட்டார்கள். என் புருஷன் வாசலில் கிடந்தபோது இவர்களில் ஒருவருக்கும் உள்ளர்த்தம் ஞாபகம் வரவில்லை.

மகள் எழுந்தாள். அப்படியானால் அப்பாவுக்கும் உள்ளர்த்தம் பாருங்கள் என்றாள். "அது வேறம்மா" என்றார் அரை மீட்டர்.

அப்போது அண்ணன் பேசினார். "எனக்கு வளையற நூல் அந்த மனுஷனுக்கும் வளைஞ்சிருக்கணும். வளையாதுன்னு சொன்னவன் நான். அப்ப எனக்கும் வளைய வேண்டாம்."

நூலை மூடினார். வாசகருக்குரிய மேல்துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வாசகர் இல்லாமல் மனுவை எடுக்க முடியாது என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

நினைத்தது நடந்தது. நாலு பேர் என்ன, நானூறு பேர் பார்க்க நடந்தது. ஆனால் அவர் தலை குனியவே இல்லை. அதுதான் ஆறவில்லை.

மார்ச் 2, திங்கள்

மகள் காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்: "உனக்கு முன்னாடியே தெரியும்தான?"

ஆமாம் என்றேன்.

"நூல்ல இருக்குன்னு சொல்லி அவர் நம்மளை அடிச்சாரு. நீயும் நூல்ல இருக்குன்னு சொல்லித்தான் அவரை அடிச்சிருக்க. நான் எதுக்கும்மா இத்தனை நாள் கையெழுத்து வாங்கிட்டு அலைஞ்சேன்?"

நான் ஏதோ கத்தினேன். உங்கப்பாவுக்கு வெட்டின குழிய உன் மாமன் மூடினானே, மூடினானே, அது உனக்குப் பெருசா தெரியலயா, என்னாலதான் அந்தச் சத்தத்த மறக்க முடியல, உன்னால முடியுதா... என்னென்னவோ. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 6

கிணற்றுப் பக்கத்துக்கும் நிலப் பக்கத்துக்கும் ஒரு தாள். நான் ஒரு தாள் முன்னால் திறந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். நல்லவேளை. நல்லவேளைதானே?

மார்ச் 22, ஞாயிறு

வாசகர் வீடு வாசகருக்குத்தான். காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நேரடியாகச் சொல்லவில்லை, சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பினார்களாம். அரை மீட்டரின் யோசனையாகத்தான் இருக்கும்.

என் மகள் போய் அவரையும் ஒரு பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. "முன்னறை சும்மாதான கெடக்கு" என்றாள். அவள் அப்பாவின் கருவிப்பெட்டி இருந்த அறை.

சாப்பாடு போடுவேன். பேச மாட்டேன். அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவர் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும்.

மார்ச் 30

அவர் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். சரியாகக் கழுவுவதில்லை. நான் மறுபடி கழுவுகிறேன், சத்தம் கேட்கும்படி.

ஏப்ரல் 18, சனி

மகள்தான் தினமும் அவருக்கு நூலை வாசித்துக் காட்டுவாள். இந்த மாதம் அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை. அவர் முன்னறையில் நூலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பிடுங்கி வாசித்தேன்.

எல்லாம்தான் மனப்பாடமாயிற்றே, எதற்கு வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"மனசுல இருக்கறது என்னோடது. பக்கத்துல இருக்கறதுதான் நூல்" என்றார்.

வாசிக்க வாசிக்கத் திருத்துகிறார். ஒரு சொல் முன்பின்னாகப் போனால் உடனே விரலைத் தூக்குகிறார். 'என்றான்' என்பதை 'என்றார்' என்று வாசித்ததற்குக்கூட விரல் எழும்பியது. எரிச்சல் தாங்கவில்லை. வேண்டுமென்றே வேகமாக வாசித்தேன். அதற்கும் விரல்.

ஏப்ரல் 25

சபைக்கு வெளியூரிலிருந்து புது வாசகர் வந்திருக்கிறார். மனு அடுத்த ஆண்டுக்காம். பஸ் பணிமனைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மே 9, சனி

அந்தப் பக்கம் இன்று வரும் என்று எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முதலில் நினைத்தது இது: அவர் வாசித்தது மாதிரியே அழுத்தி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக அவர் காதில் ஏற்றுவது. தோட்டத்தில் நான் கேட்ட மாதிரி அவர் கேட்கட்டும். காலையில் சமைத்துக்கொண்டே மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

இந்த வீட்டில் இனி நூல் என்பது என் வாய். நான் என்ன வாசிக்கிறேனோ அதுதான் பக்கத்தில் இருக்கிறது. அவரால் பார்க்க முடியாது. இல்லை என்று அவர் சொல்ல வேண்டுமானால், மனத்திலிருந்து சொல்ல வேண்டும். மனத்திலிருந்து சொல்பவன் வாசகன் அல்லன்.

சாயங்காலம் உட்கார்ந்தோம். அவர் விரல் முழங்கால்மேல் வரியைப் பின்தொடர்ந்துகொண்டே வந்தது, அவர் எப்போதும் செய்வதுபோல. அந்த வரி வந்தது. நான் நூலைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்:

"வெளியிலிருந்து வந்து நம்மோடு உழைத்தவனுக்கு நம் மண்ணில் இடமுண்டு."

விரல் நின்றது.

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன். விரல் எழும்பட்டும் என்று காத்திருந்தேன். எழும்பவில்லை. தெருவில் யாரோ கதவை இழுத்து மூடினார்கள், ஒரு வண்டி போனது. அவர் முகத்தை என் பக்கம் நேராகத் திருப்பினார். அப்படித் திருப்பினால் அவருக்கு என் முகம் தெரியாது.

"இன்னொரு தரம் வாசிம்மா" என்றார்.

அதையே வாசித்தேன். இந்தத் தடவை மெதுவாக. அவர் திருத்தவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனோம்.